கைப்பேசி உங்களுடையது, கட்டுப்பாடு யாருடையது?

பழைய கைப்பேசி வாங்குவோர் விலையைப் பார்க்கின்றனர். அது ஏதேனும் நிறுவனத்தின் நிர்வாகத்தில் உள்ளதா என்று பார்ப்பதில்லை. முழு நிர்வாகத்தில் இருப்பின், தொலைவிலிருந்தே அதைப் பூட்டவும், உள்ளிருக்கும் குடும்பப் படங்களை அழிக்கவும் அந்நிறுவனத்தால் இயலும்.

கண்டறிவது எளிது. ஐபோன் நிறுவன மேற்பார்வையில் இருந்தால், 'செட்டிங்ஸ்' பக்கத்தின் தலைப்பிலேயே அவ்வறிவிப்பு காணப்படும். 'ஜெனரல்' பகுதியிலுள்ள 'வி.பி.என். அண்ட் டிவைஸ் மேனேஜ்மென்ட்' என்பதையும் திறந்து பாருங்கள். ஆண்ட்ராய்டில், இக்கருவி நிறுவனத்துக்குரியது என்னும் வாசகம் பூட்டுத்திரையில் தோன்றும். செயலிச் சின்னத்தில் சிறு கைப்பெட்டி தெரிந்தால், அச்செயலி அலுவலக நிர்வாகத்தைச் சேர்ந்தது.

விற்பவர் அனைத்தையும் அழித்துக் கொடுப்பது மட்டும் போதாது. நிறுவனத்தின் பதிவிலுள்ள கருவி, இணையத்தில் இணைந்ததும் பழைய கட்டுப்பாட்டுக்கே திரும்பிவிடும். அப்பதிவை நீக்க வேண்டியது அந்நிறுவனமே. ஆகவே, பணம் கொடுக்குமுன் கடையிலேயே கருவியைத் தொடக்கத்திலிருந்து இயக்கிப் பாருங்கள்.