வண்டிச் சக்கரத்தின் தோள் மூட்டு

உங்கள் வலது கையைத் தூக்குங்கள். மேலே தூக்கலாம். கீழே இறக்கலாம். முன்னே நீட்டலாம். வட்டமாகவும் சுழற்றலாம்.

இப்போது முழங்கையைப் பாருங்கள். அது மடங்கும், நீளும். அவ்வளவுதான். கதவுக் கீலைப் போல ஒரு போக்கில்தான் அசையும்.

தோள் மட்டும் எப்படி எல்லாப் பக்கமும் அசைகிறது? தோளில் கை எலும்பின் முனை பந்து போல உருண்டையாக இருக்கிறது. அந்தப் பந்து ஒரு கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. இதைப் பந்துக் கிண்ண மூட்டு என்று சொல்வார்கள்.

பிக்கப் வண்டியின் முன் சக்கரத்திலும் இப்படி ஒரு மூட்டு உண்டு. அதன் பெயர் பால் ஜாயிண்ட். நாம் குடிக்கும் பால் அல்ல! ஆங்கிலத்தில் பால் என்றால் பந்து. ஜாயிண்ட் என்றால் மூட்டு.

வண்டிகளின் ஊர்

மகாராஷ்டிரத்தில், புனே நகரை ஒட்டி சிஞ்ச்வட் இருக்கிறது. பவனா ஆற்றங்கரையில் உள்ள ஊர். மோரயா கோசாவி என்ற கணபதி பக்தரின் சமாதிக் கோயில் அங்கே இருக்கிறது. பக்கத்து ஊர் பிம்ப்ரி. இன்று இரண்டும் சேர்ந்து பெரிய தொழில் நகரம். தமிழ்நாட்டிலிருந்து பிழைக்கப் போனவர்களும் அங்கே குடியிருக்கிறார்கள்.

டெல்கோ நிறுவனம் 1966-ஆம் ஆண்டு பிம்ப்ரியில் தன் ஆலையைத் தொடங்கியது. 2003-இல் இதன் பெயர் டாடா மோட்டார்ஸ் என்று மாறியது. 1988-இல் இந்த நிறுவனம் டாடா மொபைல் என்ற பிக்கப் வண்டியை வெளியிட்டது. 1994-இல் டாடா சுமோ வந்தது. இந்த வண்டிகளில் முன் சக்கரங்கள் இரண்டும் தனித்தனியே ஏறி இறங்கும். ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் மற்றது தன் போக்கில் ஓடும். அப்படிப்பட்ட சக்கரத்துக்குத் தேவையானதுதான் பால் ஜாயிண்ட்.

"ரப்பர்தானே!"

ஒரு காட்சியை எண்ணிப் பார்ப்போம். சிஞ்ச்வட்டில் ஒரு பட்டறை. மழைக்காலம். காய்கறி ஏற்றும் பிக்கப் வண்டி வந்து நிற்கிறது. ஓட்டுநர் இறங்குகிறார்.

"அண்ணே, பள்ளத்தில் இறங்கினால் முன்னால் 'கடக் கடக்' என்று சத்தம் வருகிறது."

"ஸ்டியரிங் எப்படி இருக்கிறது தம்பி?"

"நேராக நிற்பதில்லை அண்ணே. அங்கும் இங்கும் அலைகிறது."

மெக்கானிக் குனிந்து பார்க்கிறார். சக்கரத்தின் உள்பக்கம் விரலை நீட்டுகிறார்.

"இந்த ரப்பர் உறையைப் பார். கிழிந்து தொங்குகிறது. இது எப்போது கிழிந்தது?"

"போன மழைக்காலத்திலேயே பார்த்தேன். ரப்பர்தானே என்று விட்டுவிட்டேன்."

"ரப்பர்தான் தம்பி. ஆனால் உன் உயிரைக் காப்பது அதுதான்."

மெக்கானிக் ஏன் அப்படிச் சொன்னார்? பார்ப்போம்.

மூட்டு எப்படி வேலை செய்கிறது?

முன் சக்கரத்துக்கு இரண்டு வேலை. மேடு பள்ளத்தில் மேலும் கீழும் அசைய வேண்டும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது இடமும் வலமும் திரும்ப வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டும். கீல் போன்ற மூட்டு இதற்கு உதவாது.

சட்டத்திலிருந்து சக்கரத்தை நோக்கி இரண்டு இரும்புக் கைகள் நீள்கின்றன. ஒன்று மேல் கை. மற்றது கீழ்க் கை. ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு பால் ஜாயிண்ட் இருக்கும். ஆக, ஒரு பக்கத்துக்கு இரண்டு. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து நான்கு.

மூட்டுக்குள் என்ன இருக்கிறது? ஓர் இரும்புக் குமிழ். அது உட்காரும் கிண்ணம். இரண்டுக்கும் நடுவே கிரீஸ். எல்லாவற்றையும் மூடும் ரப்பர் உறை.

உறை கிழிந்தால் என்ன ஆகும்? கிரீஸ் வெளியேறும். மழைத் தண்ணீரும் மண்ணும் உள்ளே போகும். தண்ணீர் துருவை உண்டாக்கும். மண் அரத்தைப் போல அராவும். குமிழும் கிண்ணமும் தேயும். இடைவெளி பெரிதாகும். அந்த இடைவெளியில் குமிழ் ஆடி இடிக்கிறது. அதுதான் 'கடக் கடக்' சத்தம்.

அதற்கு மேலும் ஓட்டினால், ஒரு நாள் குமிழ் கிண்ணத்தை விட்டுக் கழன்றுவிடும். சக்கரம் மடிந்து சாயும். வண்டியின் முன்பக்கம் தரையில் இடிக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் பயன் இல்லை. லோணாவளா மலைப்பாதையில், சுமையோடு இறங்கும்போது இது நடந்தால்? நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது அல்லவா?

வண்டி சொல்லும் அறிகுறிகள்

மூட்டு திடீரென்று கழன்றது போலத் தெரியும். ஆனால் பெரும்பாலும் அதற்கு முன்பே வண்டி நமக்குச் சொல்லிவிடும்.

பள்ளத்தில் இறங்கும்போது சத்தம் வரும். ஸ்டியரிங் அலையும் அல்லது இறுகும். முன் டயர் ஓர் ஓரத்தில் மட்டும் அதிகமாகத் தேயும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பட்டறைக்குப் போங்கள். வேறு கோளாறாகவும் இருக்கலாம். அதையும் பார்த்தால்தான் தெரியும்.

எப்படிச் சோதிப்பது?

ரப்பர் உறையை நீங்களே பார்க்கலாம். வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். என்ஜினை அணையுங்கள். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி வையுங்கள். டார்ச் விளக்கு அடித்துச் சக்கரத்தின் உள்பக்கம் பாருங்கள். வெடிப்பு உண்டா? கிழிசல் உண்டா? சுற்றிலும் கிரீஸ் வழிந்திருக்கிறதா?

தேய்மானத்தை மெக்கானிக் சோதிக்க வேண்டும். பின் சக்கரங்களுக்குக் கட்டை வைப்பார். முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்குவார். ஸ்டாண்டு கொடுப்பார். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் யாரும் போகக் கூடாது.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. ஸ்பிரிங்கின் அழுத்தம் மூட்டை இறுக்கிப் பிடித்திருந்தால் தேய்மானம் வெளியே தெரியாது. ஸ்பிரிங் கீழ்க் கையில் இருக்கும் வண்டியில், அந்தக் கையின் அடியில் தாங்கித் தூக்க வேண்டும். அப்போதுதான் மூட்டு தளரும். பிறகு டயருக்கு அடியில் கடப்பாரை கொடுத்து மெல்ல நெம்பினால் ஆட்டம் தெரியும்.

சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டியும் பார்ப்பார். ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்வார். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றால், கோளாறு சக்கர பேரிங்கில் இருக்கலாம். பிரேக் பிடித்த பிறகும் ஆடினால் மூட்டைச் சந்தேகப்பட வேண்டும்.

கிரீஸ் போடுவது

சில மூட்டுகளில் கிரீஸ் நிப்பிள் இருக்கும். முதலில் நிப்பிளைத் துணியால் துடைக்க வேண்டும். துடைக்காவிட்டால் கிரீஸோடு மண்ணும் உள்ளே போகும். பிறகு கிரீஸ் கன்னால் மெதுவாக அழுத்த வேண்டும். உறை இலேசாகப் புடைத்ததும் நிறுத்த வேண்டும். அதிகம் அழுத்தினால் உறை வெடித்துவிடும்.

நிப்பிள் இல்லாத மூட்டும் உண்டு. அதற்கு வெளியிலிருந்து கிரீஸ் போட முடியாது. தேய்ந்தால் மாற்ற வேண்டியதுதான்.

தேய்ந்த மூட்டைச் சுத்தியலால் தட்டி இறுக்கக் கூடாது. வெல்டிங் வைக்கவும் கூடாது. புதியது மாட்டும்போது நட்டைச் சரியான அளவுக்கு முறுக்க வேண்டும். நட்டு கழலாமல் காக்கும் காட்டர் பின்னையும் புதிதாகப் போட வேண்டும். கடைசியில் வீல் அலைன்மெண்ட் பார்க்க வேண்டும். இல்லையென்றால் புது டயரும் தேயும்.

எல்லா வண்டியிலும் உண்டா?

இல்லை. 2005-இல் வந்த டாடா ஏஸ் போன்ற வண்டிகளில் முன்பக்கம் ஒரே நீள அச்சு இருக்கும். அதில் சக்கரம் கிங் பின் என்ற முளையில் திரும்பும். ஆனால் ஸ்டியரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கும் டை ராடின் நுனியில் சிறிய பந்து மூட்டு அங்கேயும் உண்டு. அதற்கும் ரப்பர் உறை உண்டு. அதையும் பார்க்க வேண்டும்.

படிப்பு இங்கே உதவும்

நாம் இப்போது எழுத்துக் கூட்டிப் படிக்கிறோம். இந்தப் படிப்பு வண்டிக்கும் உதவும்.

வண்டியின் கையேட்டைப் பாருங்கள். எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை சோதிக்க வேண்டும் என்று அதில் இருக்கும். ஆங்கிலத்தில் இருந்தால் தெரிந்தவரைப் படிக்கச் சொல்லிக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டில் தேதியையும் கிலோமீட்டரையும் செய்த வேலையையும் எழுதுங்கள்.

ஆர்.சி.யில் இரண்டு எடைகள் இருக்கும். ஒன்று வெறும் வண்டியின் எடை. மற்றது சுமையோடு சேர்த்து அனுமதித்த எடை. முதலாவது 1,700 கிலோ, இரண்டாவது 2,800 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 2,800-இல் 1,700 போனால் மீதி 1,100. உங்கள் எடையும் சேர்த்து அவ்வளவுதான் ஏற்றலாம். அதற்கு மேல் ஏற்றினால் மூட்டும் சீக்கிரம் தேயும்.

"இன்னும் இரண்டு மூட்டை ஏற்றலாமே" என்று யாராவது சொன்னால், கணக்கை எழுதிக் காட்டுங்கள்.

மழைக்காலத்துக்கு முன் ஒரு முறை குனிந்து பாருங்கள். மழைக்காலம் முடிந்ததும் மறுபடி பாருங்கள். உறை கிழிந்திருந்தால் தள்ளிப் போடாதீர்கள். உங்களை எதிர்பார்த்து வீட்டில் ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

கலந்து பேசுங்கள்

1. தோள் மூட்டுக்கும் பால் ஜாயிண்டுக்கும் என்ன ஒற்றுமை?

2. ரப்பர் உறை கிழிந்தால் என்னென்ன நடக்கும்?

3. உங்கள் வண்டியில், அல்லது பக்கத்து வீட்டு வண்டியில், எவ்வளவு சுமை ஏற்றலாம்? ஆர்.சி.யைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள்.