குண்டின் பருமனும் குழலின் பருமனும்

கஹவத்தையைச் சூழ்ந்த தேயிலைத் தொழிற்சாலைகளை எண்ணெய் எஞ்சின்கள் இயக்கிய காலத்தில், பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள் தேய்ந்தால் எஞ்சின் வலிமை குன்றும் என்பதை அங்குத் தொழில் செய்தோர் நன்கறிந்திருந்தனர். எரிந்து விரியும் வாயு, தான் தள்ளவேண்டிய பிஸ்டனைத் தள்ளாது, பக்கத்து இடைவெளி வழியே நழுவிப்போவதே அதற்குக் காரணமாம். துப்பாக்கியும் ஒருவகையில் அத்தகைய எஞ்சினே. அதன் குழல் உருளையாகவும் குண்டு பிஸ்டனாகவும் அமைகின்றன. குண்டின் பருமன் குழலின் பருமனினும் சிறிது குறைந்தவிடத்து நிகழ்வன யாவை என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருளாகும்.

குழலினும் சிறிய குண்டை இடுதல் புதிய வழக்கன்று. 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலப் படையினர் ஏந்திய ‘பிரவுன் பெஸ்’ துப்பாக்கியின் குழல் ஏறத்தாழ 0.75 அங்குலம் அகன்றது. அதில் இட்ட ஈயக் குண்டோ ஏறத்தாழ 0.69 அங்குலமே. வாய்வழியாக விரைந்து கெட்டிக்கவேண்டியிருந்தமையாலும், கருமருந்தின் கரி குழலிற் படிந்தமையாலும் இவ்விடைவெளி வேண்டப்பட்டது. ஆனால் குண்டு குழற்சுவரில் மாறிமாறி மோதி வெளிப்பட்டமையின், 100 யார் தொலைவைக் கடந்ததும் குறி பெரிதும் தவறிற்று. சேனைப் பயிரைக் காட்டுப்பன்றியிடமிருந்து காப்போர் வாய்வழித் துவக்கிலே தும்பை இட்டு இறுக்குவதும், வாயு வீணே கசியாது தடுத்தற்பொருட்டேயாம்.

பின்னர்க் குழலின் உட்புறத்தே சுருட்புரிகளை வெட்டிக் குண்டைச் சுழலச் செய்யும் முறை பரவிற்று. சுழலும் குண்டு நேரே செல்லும். ஆயினும் புரியைக் கௌவுமளவு பருத்த குண்டை வாய்வழியாக இடித்து இறக்குதல் கடினம். பிரெஞ்சுப் படைத்தலைவர் மினியே 1849இல் இதற்கு வழிகண்டார். குண்டைச் சிறியதாக்கி, அதன் அடியைக் குடைந்துவிட்டால், வெடிவாயுவே அவ்வடியை விரித்துப் புரியோடு பொருத்தும். இம்முறையைத் தழுவிய 1853ஆம் ஆண்டு என்பீல்டுத் துப்பாக்கியின் குழல் 0.577 அங்குலம், குண்டு முதலில் 0.568, பிற்காலத்தில் 0.550 அங்குலம். குண்டு எளிதில் இறங்கவும் எஞ்சிய இடைவெளி நிரம்பவும், கொழுப்புப் பூசிய காகிதம் அதனைச் சுற்றியிருந்தது. அக்கொழுப்புப் பசுவினதும் பன்றியினதுமாம் என்ற பேச்சு 1857 ஜனவரியில் டம்டம்மில் எழுந்தது. அவ்வாண்டு மே 10ஆம் நாள் மீரட்டில் கிளர்ச்சி வெடித்தது. கிளர்ச்சிக்குக் காரணங்கள் பல. எனினும், நூலிழையளவான ஓர் இடைவெளியை நிரப்பப் பூசிய கொழுப்பே அதற்குப் பொறியாயிற்று.

இன்றைய கைத்துப்பாக்கியில் தோட்டா பின்புறத்தே இடப்படுதலின், குண்டு எளிதில் இறங்கவேண்டும் என்ற தேவை இல்லை. அது புரியின் ஆழத்தை நிரப்புமளவு பருத்திருத்தல் வேண்டும். ஈயக் குண்டாயின் புரியின் விட்டத்தினும் 0.001 அங்குலம் மிகுந்திருத்தல் நன்றென்பர். சுட்ட தோட்டாவின் பித்தளைக் கோதில் புதிய மருந்தும் குண்டும் இட்டுக் கைப்படக் கெட்டிப்போர், கிடைத்த குண்டு சற்றே சிறியதாயினும் தீங்கில்லை என எண்ணுதல் உண்டு. பெரிய குண்டு குழலை நெருக்கும், சிறியதோ தாராளமாகச் செல்லும் என்பது அவர் கருத்து. அது முற்றும் பொருந்தாது.

இதற்கு வரலாற்றிலேயே சான்று உண்டு. 1939–45ஆம் ஆண்டுப் போரில் ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனம் பிரித்தானியாவுக்குச் சுழல்துப்பாக்கிகளை வழங்கிற்று. அவற்றுக்குரிய குண்டு 0.361 அங்குலம். போருக்குப் பின் அவற்றுட் பல, 0.357 அங்குலக் குண்டுடைய ‘38 ஸ்பெஷல்’ தோட்டாவை ஏற்குமாறு மாற்றப்பட்டன. வேறுபாடு 0.004 அங்குலம், அதாவது ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு. தலைமயிர் ஒன்றின் பருமனே. ஆயினும் குறி சிதறிற்று. அகன்ற அறையிலே கோதுகள் புடைத்தும் பிளந்தும் போயின.

சிறிய குண்டால் விளையும் கேடுகள் நான்கு. முதலாவது, கசியும் வெப்பவாயு ஈயத்தை அரித்துக் குழலில் படியவைக்கும். இரண்டாவது, புரியைக் கௌவாத குண்டு தடுமாறிப் பக்கவாட்டாகவும் இலக்கைத் தாக்கும். மூன்றாவது, அழுத்தம் குறைந்து மருந்து செவ்வனே எரியாதவிடத்துக் குண்டு குழலிலேயே தங்கலாம். அதனை அறியாது அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் வெடிக்கும். நான்காவது யாவரும் எதிர்பாராதது. கோதின் வாய் சிறிய குண்டை இறுகப் பற்றாதாகலின், தோட்டா அறையினுள் ஏறும்பொழுது குண்டு பின்னோக்கி உள்ளே புதையும். அதனால் மருந்துக்குரிய இடம் சுருங்கி அழுத்தம் அளவுக்கு மிஞ்சி உயரும். தாராளம் என எண்ணியதே நெருக்கமாக முடிகின்றது.

சிறிய குண்டுகள் யாவும் ஒரே விதமாகக் கெடுமெனவும் கூறவியலாது. மென்மையான ஈயம் போதிய அழுத்தத்தில் விரிந்து புரியை நிரப்பும். கடினமான கலப்பு ஈயமோ செம்பு போர்த்த குண்டோ அவ்வாறு எளிதில் விரியாது. ஆதலின் ஊகம் உதவாது, அளவே உதவும். வெறுந் துப்பாக்கியின் குழலூடே மென்மையான ஈயத்துண்டொன்றைத் தள்ளி வெளியேற்றி, அதன் விட்டத்தை நுண்ணளவியால் அளத்தலே பழகியோர் கைக்கொள்ளும் முறை. சுழல்துப்பாக்கியாயின் உருளையறைகளின் வாயையும் அளத்தல் வேண்டும்; அது குழலினும் ஒடுங்கியிருப்பின், சரியான குண்டும் அங்கே நசுங்கிச் சிறுத்துவிடும்.

இலங்கையில் 1916ஆம் ஆண்டின் சுடுபடைக்கலச் சட்டமும் 1956ஆம் ஆண்டின் வெடிபொருட் சட்டமும் இத்தொழிலை அரசின் உரிமத்துக்கு உட்படுத்தியுள்ளன. ஒரு மயிரிழை வேறுபாடு சுடுவோன் கையையே சிதைக்கவல்லது என்பதை உணர்வோர்க்கு, இக்கட்டுப்பாட்டின் தேவை எளிதில் விளங்கும்.