ஐரோப்பாப் பிரயாணமும் 90 நாட் கணக்கும்

வெளிநாட்டுப் பிரயாணம் என்றதும் நம்மவர் முதலிற் கருதுவது பணத்தை. அடுத்துக் கருதுவது குளிர்ச் சட்டையை. நாட்களை எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. ஆயினும் ஐரோப்பாவில் நெடுநாள் தங்க விரும்புவோருக்குப் பணத்தினும் அருமையானது நாளேயாகும். பணம் முடைப்பட்டால் பிள்ளைகள் கொடுத்துதவுவர். நாள் முடைப்பட்டால் கடன் கொடுப்பார் எவருமிலர்.

அண்மையில் நமது அயலிலுள்ள முதியவர் ஒருவர், தமது பிரயாண ஒழுங்கை எழுதிய தாளுடன் நம்மை நாடி வந்தார். அவருடைய மகள் சூரிச்சில் வாழ்கின்றார்; மகன் பாரிசில் வாழ்கின்றார். இருவர் வீட்டையும் பெற்றோர் இதுவரை கண்டதில்லை. ஏப்பிரல் 1ஆந் திகதி சூரிச்சில் இறங்கி மே மாத முடிவுவரை மகளுடன் தங்குவது. யூன் 1 முதல் 19 வரை பாரிசில் மகனுடன் இருப்பது என்பது முதல் ஏற்பாடு. விசா கிடைத்தபின், தாயாரின் அறுபதாம் ஆண்டு நிறைவை முன்னிட்டுப் பிள்ளைகள் ஒரு கப்பற் பிரயாணத்தையும் சேர்த்துவிட்டனர். யூன் 20இல் மார்செய் துறைமுகத்திற் கப்பலேறி, இத்தாலி, மால்டா, ஸ்பெயின் கரைகளைக் கண்டு, யூலை 1இல் அதே துறைமுகத்துக்கு மீள்வது. அன்றிரவே தாயகம் திரும்புவது.

“ஒரு நாட்டிலாவது மூன்று மாதம் இருக்கப்போவதில்லை. கப்பலில் இருக்கும் நாளோ கடலிற் கழிவது. விசாவிலும் யூலை 14 வரை என்று அச்சடித்திருக்கிறது. பிறகென்ன தம்பி கணக்கு?” என்றார் அவர்.

நாம் கூட்டிப் பார்த்தோம். ஏப்பிரலில் 30, மேயில் 31, பாரிசில் 19. ஆக 80 நாட்கள். கப்பலில் 12 நாட்கள். மொத்தம் 92. அவருக்கு அனுமதிக்கப்பட்டதோ 90. யூன் 29ஆந் திகதி, கப்பல் கடலிலிருக்கும்போதே அவருடைய நாட்கள் முடிந்துவிடும்!

இத்தவறு ஏன் நேருகின்றது? ஐரோப்பாவின் பல நாடுகள் நுழைவு விடயத்தில் ஒரே வீடுபோல் இயங்குவதை நாம் மறந்துவிடுவதாலேயே. 1985 யூன் 14இல், லக்சம்பேர்க்கைச் சேர்ந்த செங்கன் என்னும் சிற்றூரருகே, மோசல் ஆற்றில் நின்ற கப்பலொன்றில் ஐந்து நாடுகள் ஓர் உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டன. பிரான்ஸ், மேற்கு ஜேர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பேர்க் என்பனவே அவ்வைந்து. தமக்கிடையேயுள்ள எல்லைச் சோதனைகளைப் படிப்படியாக நீக்குவதே நோக்கம். 1995 மார்ச் 26இல் அது நடைமுறைக்கு வந்தது. பல்கேரியாவும் ருமேனியாவும் 2025 தொடக்கத்தில் முழுமையாகச் சேர்ந்தபோது இவ்வட்டம் 29 நாடுகளைக் கொண்டதாயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராத சுவிற்சர்லாந்தும் நோர்வேயும் இதில் அடங்கும்; பிரித்தானியாவும் அயர்லாந்தும் அடங்கா.

இவ்வீட்டில் எத்தனை அறைகளுக்குச் சென்றாலும் வாயில் ஒன்றே; கணக்கும் ஒன்றே. எந்த 180 நாட்களை எடுத்துக்கொண்டாலும் அவற்றுள் 90 நாட்களுக்கு மேல் தங்கலாகாது. வந்த நாளும் ஒரு நாள். புறப்படும் நாளும் ஒரு நாள். இந்த 180 நாட்கள் தை முதல் ஆனி வரை என்றாற்போல் நிலையானவை அல்ல. தங்கும் ஒவ்வொரு நாளும் அன்றிலிருந்து பின்னோக்கி 180 நாட்களை எண்ணுவர். ஆகவே, 90 நாட்களையும் செலவிட்டவர் இலண்டனுக்குச் சென்று ஒரு கிழமை இருந்துவிட்டு மீண்டால் புதுக்கணக்குத் தொடங்கும் என்பது வீண் நம்பிக்கை. ஏப்பிரல் 1 முதல் யூன் 29 வரை தொடர்ந்து தங்கியவருக்கு, விசா இன்னமும் செல்லுபடியானாலும், செப்டெம்பர் 28இலேயே மீண்டும் இடமுண்டாகும்.

கப்பலைப் பற்றிய மயக்கம் இன்னும் பெரிது. கப்பல் இவ்வட்டத்தின் துறைமுகங்களை மாத்திரம் தொட்டுச் சென்றால், பிரயாணி வெளியேறியதாகப் பதிவில்லை. நடுக்கடலில் உறங்கிய இரவுகளும் தங்கிய நாட்களே. மாறாக, கிரேக்க நாட்டில் புறப்படும் கப்பல் துருக்கித் துறையொன்றைத் தொட்டு மீண்டும் கிரேக்கத் தீவொன்றுக்கு வருமாயின், அது வெளியேறி மறுமுறை நுழைவதாகும். ஒருமுறை நுழைவதற்கான விசாவை மாத்திரம் வைத்திருப்பவர் அப்போது இடர்ப்படுவர். அத்தகைய பிரயாணத்துக்குப் பலமுறை நுழையும் விசா வேண்டும். துருக்கியின் நுழைவு விதியையும் தனியே அறிந்துகொள்ளல் வேண்டும்.

விசாத் தாளில் மூன்று செய்திகளை நோக்குதல் அவசியம். எத்திகதி முதல் எத்திகதி வரை பயன்படுத்தலாம் என்பது ஒன்று. எத்தனை முறை நுழையலாம் என்பது மற்றொன்று. மொத்தம் எத்தனை நாள் தங்கலாம் என்பது மூன்றாவது. நம் முதியவர் முதலாவதைப் படித்து மூன்றாவதை விட்டுவிட்டார். பிரயாணம் பிந்த நேரிடலாம் எனக் கருதி, ஒருமுறை நுழையும் விசாக்களில் இறுதித் திகதிக்கு 15 நாள் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். அது திகதிக்குக் கொடுத்த சலுகை, நாளுக்குக் கொடுத்ததன்று. சிலருக்கு 90 அன்றி 30 அல்லது 45 நாட்களே வழங்கப்படுதலும் உண்டு.

முன்னர் கடவுச்சீட்டில் குத்தும் முத்திரைகளைப் பார்த்தே அதிகாரி நாளெண்ணினார். 2025 ஒக்டோபர் 12 முதல், வருகையையும் புறப்பாட்டையும் மின்னணு முறையிற் பதிவு செய்யும் ஏற்பாடு படிப்படியாகத் தொடங்கப்பட்டது. இயந்திரம் எண்ணத் தவறுவதில்லை. மிகையாகத் தங்கியவருக்குத் தண்டப்பணம் விதிக்கப்படலாம். சில ஆண்டுகளுக்கு நுழைவுத் தடையும் விதிக்கப்படலாம். அடுத்த விசா விண்ணப்பம் மறுக்கப்படவும் கூடும். கடும் நோய் முதலிய தவிர்க்கவியலாத காரணம் நேர்ந்தால் நாள் நீட்டிப்புக் கேட்க விதியில் இடமுண்டு. ஆனால், நாள் முடியுமுன்பே சான்றுகளுடன் கேட்டல் வேண்டும். கப்பற் கேளிக்கை அத்தகைய காரணமாகாது.

முதியவரின் விமானச் சீட்டை மாற்ற இன்னும் காலமிருந்தது. கப்பலின் திகதியை மாற்ற இயலாது. எனவே ஏப்பிரல் 1இற்குப் பதிலாக 6ஆந் திகதி போய் இறங்கும்படி கூறினோம். அவ்வாறாயின் மொத்தம் 87 நாட்கள். கப்பல் தாமதித்தாலும் விமானம் தவறினாலும் கைக்காவலாக 3 நாட்கள் மிஞ்சும். மகளுடன் இருக்கும் நாட்களில் ஐந்து குறைவதை எண்ணி அவருடைய மனைவியார் முகம் வாடினார். “வருகிற வருடமும் பேரப்பிள்ளைகளைப் பார்க்க வேண்டாமா?” என்று முதியவர் கேட்டபின் சம்மதித்தார்.

பெற்றோரை அழைக்கும் பிள்ளைகளுக்கும் நாம் சொல்லக்கூடியது இதுவே. பரிசாகக் கப்பற் சீட்டு வாங்குமுன் பெற்றோரின் விசாவை வாங்கிப் படியுங்கள்; நாட்காட்டியை எடுத்து ஒவ்வொரு நாளாக எண்ணுங்கள். வீட்டிலுள்ள மாணவர் ஒருவரிடம் கொடுத்தாலும் அரைமணியில் முடியும் கூட்டற் கணக்கு அது. அந்த அரைமணியைச் செலவிடாமையால், முதுமையில் ஒருமுறை திறந்த வாயில் மறுமுறை திறவாது போகலாகாது.