கொழுந்து நிறுக்கும் மென்பொருளில் எதை வைப்பது, எதை விடுவது?

பெரகல சந்தியிலிருந்து ஹப்புத்தளைக்கு ஏறினாலும் கொஸ்லந்தைக்கு இறங்கினாலும் வழியெல்லாம் தேயிலை. இலங்கைத் தோட்டங்களில் கொழுந்து நிறுவை மெல்ல மெல்ல மின்தராசுக்கும் அதனுடன் இணைந்த மென்பொருளுக்கும் மாறிவருகிறது.

அந்த மென்பொருளை ஒவ்வொரு தோட்டத்துக்கும் புதிதாக எழுத வேண்டியதில்லை. அடித்தளம் ஒன்று, அதன்மேல் வேண்டியதைச் சேர்க்கலாம், வேண்டாததை விடலாம். இதை மென்பொருள் உற்பத்தி வரிசை என்பார்கள். எது கட்டாயம், எது விருப்பம், எவற்றில் ஒன்றை மட்டும் எடுக்கலாம் என்பதை மரம்போல வரையும் முறையை அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழக மென்பொருள் பொறியியல் நிறுவகம் 1990இல் வெளியிட்டது.

நிறுவையில் ஆளின் இலக்கமும் கிலோவும் கட்டாயம். ஆளை அடையாளங்காண அட்டையா கைரேகையா என்பது இரண்டில் ஒன்று. நிறையைக் குறுஞ்செய்தியாக அனுப்புவது விருப்பம். அதை எடுத்தால், சிக்னல் இல்லாத மலையில் பதிவைச் சேமித்து வைத்துப் பிறகு அனுப்பும் வசதியும் கூடவே வந்தாக வேண்டும்.

எவற்றைச் சேர்த்து வைக்க முடியும் என்பதோடு அந்த மரத்தின் வேலை முடிந்துவிடும். எதைத் தெரிவுசெய்வது என்பதற்கு ஆட்களின் நோக்கத்தைக் கேட்க வேண்டும். தோட்டத்தை நிர்வகிக்கும் துரைக்கு எந்த மலையில் எவ்வளவு கொழுந்து என்று அன்றே தெரிய வேண்டும். வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளைக்கு நிறுவை சீக்கிரம் முடிய வேண்டும். பெக்டரிக்குக் கொழுந்து சூடேறாமல் வந்து சேர வேண்டும். கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கோ தன் நிறை தன் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கிலோ குறைந்து அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழக்கூடாது.

கைரேகையைப் பாருங்கள். ஆள் மாறாட்டம் நடக்காது என்பதால் நிர்வாகத்துக்குப் பிடிக்கும். ஆனால் கறை படிந்து தேய்ந்த விரலைக் கருவி ஏற்காவிட்டால் மழையில் வரிசை நிற்கும். அட்டையே மேல்.

பெரிய விடயம் கழிவுதான். சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கிலோக் கணக்கில் கழிப்பது தோட்டங்களில் நெடுநாள் மனக்குறை. மென்பொருள் எல்லாருக்கும் ஒரே அளவைத் தானாகக் கழிக்கலாம். கணக்கப்பிள்ளையே ஓர் அளவை இடலாம். அல்லது அவர் காரணத்தோடு இட, மொத்த நிறை, கழிவு, மிச்சம் மூன்றும் தமிழில் துண்டாக அச்சாகிக் கொழுந்தெடுப்பவளின் கைக்கு வரலாம். முதலாவது வேகமானது; ஆனால் நல்ல வெயிலிலும் தண்ணீருக்குக் கழித்துவிடும். மூன்றாவதற்கு ஆளுக்குச் சில விநாடிகள் கூடப் போகும். போகட்டும். சம்பளம் அந்தக் கிலோவைப் பொறுத்தது. தராசுக்கு முன்னால் நிற்பவளிடம் வேறு அத்தாட்சி கிடையாது. ஆகவே எந்த வசதிகள் வேண்டும் என்று தெரிவுசெய்யும் கூட்டத்தில் அவளும் இருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சம்பளத் தொகையை மென்பொருளுக்குள் நிரந்தரமாக எழுதிவிடவும் கூடாது. 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபா. 2024 செப்டெம்பரில் அடிப்படையே 1350. அலுவலகத்திலேயே மாற்றக்கூடியதாக அது இருக்க வேண்டும்.

முதலில் ஒரே மலையில் ஒரு மாதம் ஓடவிடுங்கள். சம்பள நாளன்று துண்டுகளையும் செக்ரோல் என்னும் சம்பளப் பதிவேட்டையும் பெண்களின் முன்னாலேயே ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு மற்ற மலைகளுக்குக் கொண்டுபோகலாம்.