எஞ்சின் பேசும் மொழி – 9: பழைய காருக்கு எந்த மென்பொருள்?

எஞ்சினை ஆளும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி, அதாவது ஒர்க்‌ஷாப்புகளில் ஈசிஎம் என்று சுருக்கமாக அழைக்கப்படும் சிறு கணினி, தனக்குத் தவறாகப் படுவதை ஒரு குறியீடாகத் தன் நினைவகத்தில் பதிந்து வைக்கிறது என்பதும், அவற்றுள் புகை வெளியேற்றத்தைப் பாதிக்கக்கூடியவற்றுக்கு டாஷ்போர்டில் ‘செக் எஞ்சின்’ விளக்கை எரியச் செய்கிறது என்பதும் சென்ற இதழில் விளக்கப்பட்டன. அந்தக் குறியீட்டைப் படித்துக்காட்டும் மென்பொருள்கள் கைப்பேசிக்கும் மடிக்கணினிக்கும் இன்று ஏராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் பதினைந்து, இருபது ஆண்டு ஓடிய கார் ஒன்றை வைத்திருப்பவர் மென்பொருளின் பெயரிலிருந்து தேடலைத் தொடங்கினால், தன் காரோடு பேசவே முடியாத ஒன்றுக்குப் பணம் கட்டிவிடுவதற்கான வாய்ப்பே அதிகம். காரின் தயாரிப்பாளர் யார், அது எந்த ஆண்டில் எந்த நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்டது, அதன் கணினி எந்த வகைத் தகவல்தொடர்பைக் கையாள்கிறது, இடையில் நிற்கும் இணைப்புக் கருவி அந்த வகையை அறியுமா ஆகியவை தெளிவான பிறகுதான் மென்பொருள் பற்றிய கேள்விக்கே பொருள் உண்டாகிறது.

இந்தச் சிக்கலின் வேர் சட்டத்தில் இருக்கிறது. கார்கள் தம் புகைக் கட்டுப்பாட்டு அமைப்பைத் தாமே கண்காணித்துக்கொள்ள வேண்டும் என்ற விதியைக் கலிஃபோர்னியாவின் காற்று வள வாரியம் 1988ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தது; பின்னாளில் ஓபிடி-1 என்று பெயர் பெற்ற அந்த முதல் விதி, கண்காணிப்பு இருக்க வேண்டும் என்று சொன்னதே தவிர, கணினியிலிருந்து தகவலை எடுக்கும் வழி எல்லா நிறுவனங்களுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அதனால் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் 12 துளைகள் கொண்ட ஒரு கனெக்டரும், ஹோண்டாவில் இரண்டே முனைகள் கொண்ட சிறு கனெக்டரும், பிஎம்டபிள்யூவில் எஞ்சின் அறைக்குள் 20 முனைகள் கொண்ட வட்டக் கனெக்டரும் என்று ஆளுக்கொரு பாதை உருவாயிற்று. இத்தலைமுறைக் கார்கள் பலவற்றுக்கு மென்பொருளே தேவையில்லை என்பதை வாங்குவதற்கு முன் நினைவில் கொள்வது நல்லது: குறிப்பிட்ட இரு முனைகளை ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துச் சாவியைத் திருப்பினால் எச்சரிக்கை விளக்கு விட்டுவிட்டு எரியும், அந்த மினுக்கல்களை எண்ணினால் குறியீடு கிடைத்துவிடும். ஹோண்டாவில் நீண்ட மினுக்கல் ஒவ்வொன்றும் பத்தையும் குறுகியது ஒன்றையும் குறிக்கும். எந்த இரு முனைகளை இணைக்க வேண்டும் என்பதற்கு அந்தக் காரின் பழுதுபார்ப்புக் கையேடு ஒன்றே ஆதாரம்; ஊகத்தின் பேரில் இணைத்துப் பார்ப்பது கணினியையே எரித்துவிடக்கூடிய செயல்.

அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து எல்லாக் கார்களுக்கும் கட்டாயமான ஓபிடி-2 விதிதான் பொதுமொழி ஒன்றைக் கொண்டுவந்தது. ஓட்டுநருக்கு எட்டும் தூரத்தில் டாஷ்போர்டின் கீழே 16 துளைகள் கொண்ட ஒரே வடிவக் கனெக்டர், எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான குறியீட்டு முறை, எவரும் கேட்டுப் பெறக்கூடிய ஒரு தகவல் தொகுதி ஆகியவை அப்போது வந்தவை. பி0171 போன்ற ஒரு குறியீட்டில் ‘பி’ என்ற எழுத்து எஞ்சினும் கியர்பெட்டியும் சார்ந்த பகுதியைக் குறிக்கிறது; அடுத்து வரும் சுழி, அந்தக் குறியீட்டின் பொருள் எல்லா நிறுவனங்களுக்கும் ஒன்றே என்பதற்கான அடையாளம்; அந்த இடத்தில் 1 இருந்தால் பொருளைத் தயாரிப்பாளரின் ஏட்டில்தான் தேட வேண்டும். ஐரோப்பாவில் இதே ஏற்பாடு பெட்ரோல் கார்களுக்கு 2001இலும் டீசல் கார்களுக்கு 2004இலும் வந்தது. இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 விதிகளின் கீழ் முதல் கட்டம் 2010 ஏப்ரலிலும் இரண்டாம் கட்டம் 2013 ஏப்ரலிலும் நடைமுறைக்கு வந்தன. ஆகவே, 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகத் தொடங்கிய ஹூண்டாய் சான்ட்ரோவைப் போல, எஞ்சின் கணினியோடு பிறந்தும் பொதுமொழி பேசும் கட்டாயம் இல்லாமல் விற்கப்பட்ட கார்கள் இந்தியச் சாலைகளில் பல. அவற்றில் 16 துளைக் கனெக்டர் இருப்பதைப் பார்த்து ஓபிடி-2 இருப்பதாக முடிவு கட்டுவதே பலர் ஏமாறும் இடம். கனெக்டரின் வடிவம் பொதுவானதாக இருந்தாலும் அதன் பின்னால் இருப்பது நிறுவனத்தின் சொந்த ஏற்பாடாக இருக்கலாம்.

பொதுமொழி என்று சொன்னதும் ஓரளவுக்கே உண்மை. 1996இன் விதி ஒரே கனெக்டருக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட நெறிமுறைகளை, அதாவது இரு கருவிகள் எந்த வேகத்தில், எந்த ஒழுங்கில் பேசிக்கொள்ள வேண்டும் என்ற விதித் தொகுதிகளை, அனுமதித்தது. ஃபோர்டு ஒரு வகையையும், ஜெனரல் மோட்டார்ஸ் வேறொரு வகையையும், கிரைஸ்லரும் ஐரோப்பிய, ஆசிய நிறுவனங்கள் பலவும் ஐஎஸ்ஓ 9141-2 என்ற மூன்றாவது வகையையும் பின்பற்றின. கேடபிள்யூபி 2000 என்பது பின்னர் சேர்ந்தது. கேன் எனப்படும் வேகமான வலையமைப்பு அமெரிக்கச் சந்தையில் 2008 மாடல்களில்தான் கட்டாயமாயிற்று. பழைய கார் விஷயத்தில் தொல்லை தருவது பெரும்பாலும் ஐஎஸ்ஓ 9141-2தான். கனெக்டரின் ஏழாவது துளையிலுள்ள கே-லைன் என்ற ஒற்றைக் கம்பி வழியே நடக்கும் இந்த உரையாடலைத் தொடங்குவதற்கு, ஸ்கேனர் முதலில் ஒரு முகவரியை நொடிக்கு ஐந்து பிட் என்ற மிக மந்தமான வேகத்தில் அனுப்ப வேண்டும்; அதற்கே இரண்டு நொடி பிடிக்கும். கார் அதை ஏற்றுச் சில அடையாள எண்களைத் திருப்பித் தரும். அவற்றுள் கடைசி எண்ணைத் தலைகீழாக்கி ஸ்கேனர் உரிய இடைவெளிக்குள் திருப்பி அனுப்பினால்தான் கதவு திறக்கும். அதன் பிறகும் ஐந்து நொடி மௌனம் நிலவினால் கார் உரையாடலை முறித்துக்கொள்ளும். இத்தகைய நேரக் கணக்கில் சற்றே பிசகும் மலிவான கருவி, 2010க்குப் பிந்தைய காரில் பிழையின்றி வேலை செய்துவிட்டு, பழைய காரில் மட்டும் ‘இணைப்பு இல்லை’ என்று கைவிரிப்பதன் காரணம் இதுவே.

மலிவான கருவிகளின் கதை எல்ம்327 என்ற சில்லிலிருந்து தொடங்குகிறது. கனடாவைச் சேர்ந்த எல்ம் எலெக்ட்ரானிக்ஸ் 2005இல் வெளியிட்ட இது, மேற்சொன்ன எல்லா நெறிமுறைகளையும் தானே கையாண்டு, மென்பொருளுக்கு எளிய எழுத்துக் கட்டளைகளை மட்டும் விட்டுவைத்தது. ஓபிடி-2 மென்பொருள் எழுதுவது தனிமனிதர்களுக்கும் சாத்தியமானது அதன் பிறகே. முதல் பதிப்பில் நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு இல்லாததால் போலிகள் பெருகின. இன்று இணையச் சந்தையில் அப்பெயரில் விற்பவற்றில் மிகப் பல போலிகளே. 1.5 என்ற பதிப்பை அந்நிறுவனம் வெளியிட்டதே இல்லை என்றாலும், ‘1.5’ என்று பெருமையோடு அச்சிட்ட பெட்டிகள் தொடர்ந்து விற்பனையாகின்றன, 2.1 என்று பொறித்த போலிகள் பலவற்றில் பழைய நெறிமுறைகளுக்குத் தேவையான கட்டளைகளே விடுபட்டிருக்கின்றன. அசல் நிறுவனம் 2022இல் மூடப்பட்டுவிட்டது. ஆகவே மென்பொருளை மாற்றி மாற்றிச் சோதிப்பதற்கு முன், கையிலுள்ள கருவியின் மீது ஐயம் கொள்வதே முறை. அதே சில்லின் கட்டளைகளை முழுமையாக ஏற்கும் ஓபிடிலிங்க் போன்ற கருவிகள் விலையில் கூடுதல்தான். எனினும் 2000ஐ ஒட்டிய கார்களுக்கு அந்த விலை வீணாவதில்லை.

பொதுமொழியை மட்டும் பேசும் கைப்பேசிச் செயலிகளான டார்க், கார் ஸ்கேனர், ஓபிடி ஃபியூஷன் ஆகியவற்றுக்குள் வேறுபாடு பெரிதல்ல. குறியீட்டைப் படிப்பது, அழிப்பது, நிகழ்நேர அளவீடுகளைக் காட்டுவது ஆகிய அடிப்படை வேலைகளில் அவை அனைத்தும் ஏறக்குறைய ஒன்றே. வண்ண வண்ண மானிகள் கண்ணுக்கு விருந்தாகலாம், பழுதைக் கண்டுபிடிக்க உதவுவதில்லை. பழைய காருக்கு அவசியமான ஒரு வசதியை மட்டும் பார்த்து வாங்க வேண்டும்: எந்த அளவீடுகளைக் கேட்பது என்பதைப் பயனரே குறைத்துத் தேர்ந்தெடுக்க முடிகிறதா என்பது. கே-லைன் கார்களில் நொடிக்குப் பத்துக் கேள்விகளுக்குக் கூட விடை கிடைப்பதில்லை. எட்டு மானிகளைத் திரையில் விரித்தால் ஒவ்வொன்றும் நொடிக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டாலே அதிகம். எஞ்சினின் புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரின் மின்னழுத்தமோ 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே இடைவிடாமல் ஏறி இறங்க வேண்டியது. அதை நொடிக்கு ஒருமுறை மட்டும் எட்டிப் பார்க்கும் செயலியில் நல்ல சென்சாரும் சோம்பிப்போனது போலத் தோன்றும். அந்த ஒற்றை வரைகோட்டை நம்பி நல்ல சென்சாரைக் கழற்றி எறிவது மென்பொருளின் குற்றமன்று. கேட்ட முறையின் குற்றம்.

இன்னும் ஆழமான வரம்பு ஒன்று உண்டு. ஓபிடி-2 சட்டம் புகையைக் குறைக்க எழுதப்பட்டது; பழுது பார்ப்பவரின் வசதி அதன் நோக்கமாக இருந்ததில்லை. ஆகவே பொதுச் செயலி, சட்டம் காட்டச் சொன்னதை மட்டுமே காட்டும். ஏபிஎஸ் பிரேக், ஏர்பேக், திருட்டுத் தடுப்பு, ஏசி ஆகியவற்றின் கணினிகள் அதற்குத் தென்படுவதே இல்லை. ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் கார்கள் இதற்குத் தெளிவான சான்று. நான்காம் தலைமுறை கோல்ஃபும், அதே அடித்தளத்தில் உருவாகி 2001இல் இந்தியாவுக்கு வந்த ஸ்கோடா ஆக்டேவியாவும், தம் உட்கணினிகள் பலவற்றோடு கேடபிள்யூபி 1281 என்ற நிறுவனச் சொந்த நெறிமுறையில் பேசுகின்றன. அனுப்பப்படும் ஒவ்வொரு பைட்டுக்கும் எதிர்முனை அதைத் தலைகீழாக்கி உடனுக்குடன் ஒப்புதல் தர வேண்டும் என்பது அதன் விதி. எல்ம்327 இதைக் கையாளாது, எந்தச் செயலியைப் போட்டாலும் கையாளாது. இக்கார்களுக்கென்றே எழுதப்பட்ட விசிடிஎஸ் என்ற விண்டோஸ் மென்பொருள், முன்னர் வாக்-காம் என்று அறியப்பட்டது, அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள ராஸ்-டெக் நிறுவனத்தின் படைப்பு. மென்பொருளை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்; உரிமமாக இருப்பது அதனோடு விற்கப்படும் இணைப்புக் கருவி. அதில் எஞ்சினுக்கு 01, பிரேக்குக்கு 03, ஏர்பேக்குக்கு 15 என்று ஒவ்வொரு கணினிக்கும் ஒரு முகவரி உண்டு. பொதுச் செயலி பி0300 என்று, அதாவது எரியாமல் போகும் சுற்றுகள் சிலிண்டர் வேறுபாடின்றி நிகழ்கின்றன என்று, நின்றுவிடும் இடத்தில், இது 16684 என்ற நிறுவன எண்ணோடு அதையே தந்து, அளவீட்டுத் தொகுதி 015இல் எந்தச் சிலிண்டரில் எத்தனை முறை என்ற எண்ணிக்கையையும் காட்டக்கூடியது. ஃபோர்டு, மஸ்தா கார்களுக்கு ஃபோர்ஸ்கேன் இதே இடத்தை வகிக்கிறது. ஒப்பிடத்தக்க ஆழம் இருந்தும் தரமான எல்ம் வகைக் கருவியோடு இயங்குவதால் செலவு குறைவு. ஃபியட்டுக்கு மல்டிஈசியுஸ்கேன் உண்டு. எல்லா நிறுவனக் கார்களையும் படிப்பதாக விளம்பரம் செய்யும் ஒன்றைவிடத் தன் காரின் குடும்பத்தை மட்டும் அறிந்த ஒன்றே பழைய கார் உரிமையாளருக்குப் பயன்படும் என்பது இதிலிருந்து பெறப்படும் முடிவு.

இவற்றின் திருட்டுப் பதிப்புகள் மலிவான யுஎஸ்பி கேபிளோடு சேர்த்து விற்கப்படுகின்றன. கேபிளுக்குள் இருக்கும், எஃப்டிடிஐ என்ற நிறுவனத்தின் சில்லைப் பார்த்துச் செய்த போலிகளை அந்நிறுவனத்தின் சொந்த டிரைவர் மென்பொருளே 2014இல் செயலிழக்கச் செய்த நிகழ்வு பலருக்கு நினைவிருக்கலாம். படிப்பதோடு நில்லாமல் கணினிக்குள் எழுதவும் வல்ல மென்பொருள் ஒன்றை, அதன் உட்பகுதியை யார் எப்படித் திருத்தினார்கள் என்று தெரியாமல், மாற்றுக் கணினி கிடைக்காத பழைய காரில் பொருத்துவது சேமிக்கும் தொகைக்கு ஈடாகாத துணிச்சல்.

மென்பொருள் எத்தகையதாயினும் அது தருவது கணினியின் புகார் மட்டுமே. பி0171 என்பதன் பொருள், எரிபொருள்–காற்றுக் கலவையில் பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்திருக்கிறது என்பது. ஆக்சிஜன் சென்சாரை மாற்று என்பதன்று. கணினி அந்தக் குறையை ஈடுகட்ட எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது என்பதை ‘ஃப்யூல் டிரிம்’ என்ற அளவீடு காட்டும். நல்ல எஞ்சினில் அது பெரும்பாலும் 10 சதவீதத்துக்குள் நிற்கும். வண்டி நின்றபடி ஐடிலில் ஓடும்போது 20ஐத் தாண்டி, 2500 சுற்றுக்கு உயர்த்தியதும் இயல்புக்கு இறங்கினால், வெடித்த ரப்பர் குழாய் ஒன்றின் வழியே அளக்கப்படாத காற்று நுழைகிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். மாறாக, சுமையும் வேகமும் கூடக் கூட அதுவும் கூடினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர், அழுக்கேறிய காற்றளவுச் சென்சார் ஆகியவற்றின் பக்கம் திரும்ப வேண்டும். இருபது வயதுக் காரில் ரப்பர் குழாய்தான் முதலில் பார்க்க வேண்டிய இடம். அதன் விலை சென்சாரின் விலையில் ஒரு சிறு பங்கு.

ஆகவே வாசகர் செய்ய வேண்டியது, காரின் கையேட்டிலிருந்து நெறிமுறையை உறுதி செய்துகொண்டு, அதை அறிந்த இணைப்புக் கருவியை முதலிலும், அந்தக் கருவியை ஏற்கும் நிறுவனம் சார்ந்த மென்பொருளை அடுத்தும் வாங்குவது. முதல் முறை இணைத்தவுடன் ‘அழி’ என்ற பொத்தானைத் தொடாமல், குறியீட்டையும், அது பதிவான கணத்தில் எஞ்சினின் வேகம், வெப்பம், சுமை ஆகியவை எவ்வளவு என்று கணினி சேமித்து வைத்த ‘ஃப்ரீஸ் ஃபிரேம்’ பதிவையும் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். ஓபிடி-2 கார்களில் அந்த ஒரே கட்டளை குறியீட்டோடு அப்பதிவையும், கணினி பல நாள் ஓட்டத்தில் முடித்து வைத்த தற்சோதனை முடிவுகளையும் சேர்த்தே அழித்துவிடுகிறது.

(தொடரும்)