வீட்டுத் தொலைபேசியை மாற்றலாமா?

தில்லி, மும்பை, கொல்கத்தா போன்ற நகரங்களில் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றின் வீட்டில் இன்றும் கம்பிவழித் தொலைபேசி ஒன்று இருக்கிறது. அதன் எண் தமிழ்நாட்டிலுள்ள உறவினர்களுக்கு மனப்பாடம். பழைய நாட்குறிப்புகளிலும் திருமண அழைப்பிதழ்களிலும் அந்த எண்ணே இடம்பெற்றிருக்கும். அத்தகைய வீட்டுக்கு ஒருநாள் இணைய நிறுவனம் ஒன்றின் ஊழியர் வருகிறார். செம்புக் கம்பி இணைப்பை விட்டுவிட்டுக் கண்ணாடி இழை இணைப்பைப் பெற்றால், இணையத்தோடு தொலைபேசியும் கிடைக்கும் என்றும், பேசுவதற்குத் தனிக் கட்டணம் இல்லை என்றும் கூறுகிறார். வீட்டார் என்ன செய்வது?

இரண்டு தொலைபேசிகளும் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும். அதே கருவி, அதே மணியோசை. ஆனால் பேசுபவரின் குரல் பயணம் செய்யும் முறை முற்றிலும் வேறு. அந்த வேறுபாட்டை அறிந்துகொண்டால்தான் முடிவெடுக்க இயலும்.

இந்தியாவில் 1882ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களில் தொலைபேசி நிலையங்கள் திறக்கப்பட்டன. அலெக்சாண்டர் கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்று ஆறே ஆண்டுகள்தாம் கடந்திருந்தன. பிற்காலத்தில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஓர் இணை செம்புக் கம்பி தொலைபேசி நிலையம் வரை செல்வது வழக்கமாயிற்று. பேசும்போது எழும் ஒலி அதிர்வுகளுக்கு ஏற்ப அக்கம்பியில் ஓடும் மின்னோட்டம் கூடிக் குறைகிறது. மறுமுனையில் அந்த ஏற்ற இறக்கமே மீண்டும் ஒலியாகிறது.

இங்குக் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. தொலைபேசிக் கருவி இயங்கத் தேவையான மின்சாரமும் அதே கம்பி வழியாகத்தான் வருகிறது. தொலைபேசி நிலையத்திலுள்ள பெரிய மின்கலங்கள் ஏறத்தாழ 48 வோல்ட் மின்னழுத்தத்தை அனுப்பிக்கொண்டிருக்கின்றன. தெரு முழுவதும் மின்சாரம் நின்றுபோனாலும் பழைய தொலைபேசி ஒலிப்பதற்கு இதுவே காரணம்.

இணையவழித் தொலைபேசி குரலை எண்களாக மாற்றுகிறது. பரவலாகப் பயன்படும் ஒரு முறையில், குரல் ஒரு நொடிக்கு 8,000 முறை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 8 இலக்கங்கள் கொண்ட இரும எண்ணாகக் குறிக்கப்படுகிறது. ஆக, நொடிக்கு 64,000 இரும இலக்கங்கள். இவை சிறு சிறு பொதிகளாகக் கட்டப்படுகின்றன. பெரும்பாலும் நொடிக்கு 50 பொதிகள் புறப்படும். ஒவ்வொன்றும் அஞ்சலட்டையைப் போல முகவரி தாங்கிச் செல்லும். மறுமுனையிலுள்ள கருவி அவற்றை வரிசைப்படுத்திக் குரலாக்கித் தருகிறது. சில பொதிகள் வழியில் தொலைந்தால் சொற்கள் விட்டுவிட்டுக் கேட்கும். தாமதமாக வந்து சேர்ந்தால் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கித் தடுமாறுவர். நல்ல கண்ணாடி இழை இணைப்பில் இத்தொல்லை மிகக் குறைவு. ஒரே வீட்டில் ஒருவர் திரைப்படம் பார்க்க மற்றொருவர் பேசினாலும், நிறுவனம் குரலுக்கு முன்னுரிமை அளித்திருந்தால் தடை இராது.

ஒலித்தெளிவில் புதிய முறை பின்தங்கியதன்று. மழைக்காலத்தில் நிலத்தடிச் செம்புக் கம்பியில் நீர் புகுந்து கரகரவென்னும் இரைச்சல் எழுவதைப் பழைய தொலைபேசி உடையோர் நன்கறிவர். கண்ணாடி இழைக்கு அந்தத் துன்பம் பெரும்பாலும் இல்லை. ஆனால் சாலையைத் தோண்டுவோர் இழையை அறுத்துவிட்டால், அதனை ஒட்டவைக்கத் தனிக் கருவியும் பயிற்சி பெற்றவரும் வேண்டும். செம்புக் கம்பியைப்போல் கையால் முறுக்கி இணைத்துவிட இயலாது.

உண்மையான வினா மின்சாரத்தைப் பற்றியது. கண்ணாடி இழை ஒளியைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே அந்த ஒளியைப் பெற்றுக் குரலாக்கும் சிறு பெட்டிக்கு வீட்டிலிருந்தே மின்சாரம் தரவேண்டும். வீட்டில் மின்சாரம் நின்றால் அப்பெட்டி அணையும்; அதனோடு தொலைபேசியும் ஊமையாகும். பெற்றோர் அலுவலகத்திலும் பிள்ளைகள் பள்ளியிலும் இருக்க, வீட்டில் பாட்டி மட்டும் தனித்திருக்கும் நண்பகலில் மின்சாரம் தடைப்பட்டதாக எண்ணிப் பார்க்கலாம். கைப்பேசியின் சிறிய எழுத்துகள் அவருக்குத் தெரிவதில்லை. அல்லது அதில் மின்னேற்றம் தீர்ந்துவிட்டது. அந்நேரத்தில் அவருக்குத் தலைசுற்றல் வந்தால் அவர் நாடுவது சுவரோரம் இருக்கும் அந்தத் தொலைபேசியைத்தான்.

கைப்பேசி இருக்கக் கவலை எதற்கு என்று கேட்கலாம். 2015ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னையைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது, மின்தடையால் கைப்பேசிக் கோபுரங்கள் பல செயலிழந்தன. தில்லியிலும் மும்பையிலும் இருந்த உறவினர்கள் ஊரிலுள்ளோரின் குரலைக் கேட்க முடியாமல் தவித்தனர். ஒரே வழியை மட்டும் நம்பியிருக்கும் வீட்டுக்கு இத்தகைய நாள்கள் கடினமானவை.

இக்குறைக்குத் தீர்வு உண்டு, விலையும் மிகுதியன்று. அந்தச் சிறு பெட்டிக்கென்றே விற்கப்படும் சிறிய யுபிஎஸ் ஒன்றைப் பொருத்தினால் சில மணிநேரம் தொலைபேசி இயங்கும். வீட்டில் இன்வெர்ட்டர் இருப்பின் பெட்டியை அதனோடு இணைத்துவிடலாம். குடியிருப்பின் மாடிப்படி அருகே நிறுவனத்தின் வேறு கருவி இருக்குமாயின் அதற்கும் மாற்று மின்சாரம் உண்டா என்று கேட்டறிவது நல்லது. மற்றொன்றையும் சொல்லவேண்டும். செம்புக் கம்பி இணைப்பு வைத்திருப்போரிற் பலர் கம்பியில்லாக் கைக்கருவியைப் பொருத்தியுள்ளனர். அதன் அடிப்பெட்டிக்கு வீட்டு மின்சாரம் தேவை. எனவே மின்தடையின்போது பயன்தரும் என்று அவர்கள் நம்பியிருக்கும் தொலைபேசி ஏற்கெனவே அப்படிப்பட்டதன்று!

அடுத்தது எண். கைப்பேசி எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றும் வசதி 2011ஆம் ஆண்டு ஜனவரி 20 முதல் நாடெங்கும் உள்ளது. வீட்டுத் தொலைபேசிக்கு அவ்வாறான வசதி இல்லை. வேறு நிறுவனத்துக்கு மாறினால், தில்லிக்குரிய 011 என்னும் குறியீடு தொடர்ந்தாலும், பின்வரும் எண் புதியதாகவே அமையும். பழைய நிறுவனத்திடமே கண்ணாடி இழை இணைப்பைப் பெற்றால் பழைய எண்ணைத் தக்கவைத்துக்கொள்ள வழியுண்டா என்று முதலில் கேட்கவேண்டும். பி.எஸ்.என்.எல். நிறுவனம் அவ்வாறு மாற்றித் தருகிறது. முப்பது ஆண்டுகளாக உறவினர்கள் நினைவில் வைத்திருக்கும் எண்ணை ஒரு மாதத் தள்ளுபடிக்காக இழப்பது அறிவுடைமை ஆகாது.

வேறு சில நிறுவனங்கள் வீட்டு எண்ணைக் கைப்பேசிச் செயலியிலும் பயன்படுத்த இடமளிக்கின்றன. கோடை விடுமுறைக்கு மதுரை சென்றிருப்பவர் அங்கிருந்தே தில்லி எண்ணில் பேசலாம். வசதிதான். ஆயினும் அந்த எண்ணுக்குப் பதிவாகியுள்ள முகவரி தில்லியிலேயே இருக்கும். ஆதலால் அவசர உதவிக்கான 112-ஐ அழைக்கும்போது செயலியை விடுத்துக் கைப்பேசியின் சொந்த எண்ணைப் பயன்படுத்துவதே பாதுகாப்பு.

கட்டணத்தைப் பற்றி நெடிது பேசத் தேவையில்லை. 1960இல் லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே முதன்முதலாக நேரடித் தொலைதூர அழைப்பு வந்தது. அதற்குப் பின்னரும் பல ஆண்டுகள் ஊருக்குப் பேசுவது செலவு மிக்க செயலாகவே இருந்தது. இரவு 11 மணிக்கு மேல் கட்டணம் குறையும் என்பதற்காக எஸ்.டி.டி. கூண்டுகளின் முன் காத்துநின்ற தலைமுறை இன்றும் பல வீடுகளில் இருக்கிறது. இன்று அழைப்புக்கு விலையில்லை; ஆனால் மாதச் சந்தா உண்டு. வீட்டில் இணையத்தை எவரும் பயன்படுத்தாவிடில் அச்சந்தா வீண். பிள்ளைகளின் படிப்புக்கும் பெற்றோரின் பணிக்கும் இணையம் தேவைப்படும் வீட்டில் அதனோடு வரும் தொலைபேசி ஆதாயமே. சந்தா கட்டத் தவறினால் இணையமும் தொலைபேசியும் சேர்ந்தே நிற்கும் என்பதை மட்டும் மறக்கலாகாது.

செம்புக் கம்பிகளைப் பேணும் பணி ஆண்டுதோறும் குறைந்துவருவதால், பெரும்பாலான வீடுகள் இன்றோ நாளையோ மாறத்தான் வேண்டியிருக்கும். மாறும் வீட்டார் புதிய இணைப்பு வந்தவுடன் பழையதை ஒப்படைத்துவிடாமல் ஒரு மாதம் இரண்டையும் வைத்திருப்பது நலம். அதற்குள் ஒரு மாலை வேளையில் வீட்டின் முதன்மை மின்விசையை அணைத்து, புதிய தொலைபேசி எத்தனை மணிநேரம் ஒலிக்கிறது என்று சோதிக்கலாம். பாட்டி தாமாகவே எடுத்து எண்ணைச் சுழற்றிப் பேசிப் பழகவும் அந்த ஒரு மாதம் உதவும். எண் மாறுமாயின் ஊரிலுள்ள ஒவ்வோர் உறவினருக்கும் தெரிவித்த பின்னரே பழைய கருவியை ஒப்படைத்து, முன்பு கட்டிய வைப்புத்தொகையைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்கவேண்டும்.