நிலவறையில் கிடந்த ரம்

இங்கிலாந்தில் லீட்ஸ் நகரை அடுத்த ஹேர்வுட் மாளிகை. 2011-இல் அதன் நிலவறையில் கணக்கெடுத்தபோது, பூஞ்சை கனமாகப் படர்ந்த பாட்டில்கள் சில தட்டுப்பட்டன. கழுவிப் பார்த்தால், உள்ளே 1780-ஆம் ஆண்டு பார்படோஸ் ரம்!

2013 டிசம்பரில் கிறிஸ்டீஸ் நிறுவனம் அவற்றில் ஒரு பகுதியை ஏலம் விட்டது. ஒரு பாட்டில் 8,000 பவுண்டைத் தாண்டியது. மாளிகையைச் சேர்ந்த லாசெல்ஸ் குடும்பம் செல்வம் சேர்த்ததே அடிமைகளின் உழைப்பில் நடந்த கரீபியக் கரும்புத் தோட்டங்களால்தான். ஏலப் பணம் இளைஞர்களுக்குக் கலைப் பயிற்சி தரும் ஜெரால்டின் கானர் அறக்கட்டளைக்குப் போனது. நியாயமான கணக்குதான்.

ரம் முதிர்வது மரப்பீப்பாயில் மட்டுமே. கண்ணாடிக்குள் அடைத்ததும் அது நின்றுபோகும். ஆக, சேகரிப்பாளர்கள் காசு கொட்டுவது சுவைக்கு அல்ல, அருமைக்கு. திரவ மட்டம் எவ்வளவு இறங்கியிருக்கிறது, முத்திரை உடையாமல் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். ஒயினைப் போல இதைப் படுக்கவைக்கவும் கூடாது. சாராயம் தக்கையை அரித்துவிடும்.

பிரிட்டிஷ் கடற்படை மாலுமிகளுக்குத் தினமும் ரம் அளக்கும் வழக்கம் 1970 ஜூலை 31-இல் நின்றது. அப்போது மிஞ்சிய, பிரம்பு பின்னிய ஜாடிகளுக்கும் இன்று ஏலத்தில் நல்ல கிராக்கி.